மேலூர் பேருந்து நிலையத்தில் சுற்றுலாத் தகவல் மையம்: பணம் யார் தருவது?

கேள்வி: மேலூரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். வணிகர் சங்கத்திலும் ஒரு பொறுப்பில் இருக்கிறேன். பக்கத்து மலைக் கிராமமான அரிட்டாபட்டி பற்றிப் பேப்பரிலும் டிவியிலும் வந்ததற்குப் பிறகு, சனி ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்கள் கடைக்கு வந்து வழி கேட்கிறார்கள். பேருந்து நிலையத்தில் ஒரு தகவல் மையம் திறக்கலாமே என்று நகர்மன்ற உறுப்பினர்கள் சிலரிடம் பேசினோம். "ரோடு போடவே காசில்லை, இதுக்கு எதுக்கு மக்கள் வரிப்பணம்?" என்று ஒருவர் கேட்டார். அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனரோ, அங்கே சின்ன ஊர்களில்கூட லாட்ஜ் அறைக்கு வரி போட்டு, அந்தப் பணத்தில் இப்படி அலுவலகம் நடத்துகிறார்கள் என்கிறார். நாமும் அப்படிச் செய்யலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது சரிதான். 1896-ல் டெட்ராய்ட் நகர வியாபாரிகள், மாநாடுகளைத் தங்கள் ஊருக்கு இழுத்து வர ஆள் போட்டதில் தொடங்கிய வழக்கம் அது. பின்னாளில் விடுதி அறை வரி அதற்கு நிலையான வருமானம் ஆனது. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில், அந்த வரியைச் சுற்றுலாவுக்கும் விடுதித் தொழிலுக்கும் உதவுகிற காரியங்களுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

ஆனால் மேலூரில் அது நடக்காது. விடுதி அறைகளுக்கான ஆடம்பர வரி நம் மாநிலத்திலும் 1981 சட்டப்படி இருந்தது. அது மாநில அரசுக்குப் போன வரி, நகராட்சிக்கு வந்தது அல்ல. 2017 ஜூலை 1 முதல் அதுவும் ஜிஎஸ்டிக்குள் போய்விட்டது. இனி ஒரு நகராட்சி தானாக அறை வரி போட வழியில்லை. வழி இருந்தாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. மேலூருக்கு வருகிறவர்கள் காலையில் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி வந்து, பார்த்துவிட்டு, சாயங்காலம் மதுரைக்கே திரும்பிவிடுகிறார்கள். அறை எடுப்பது மதுரையில்தான்.

அதனால் நீங்கள் தேட வேண்டியது வேறு பணம். அதற்கு முன் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: கட்டடம் கேட்காதீர்கள்.

நம் ஊர்களில் கட்டடத்துக்குப் பணம் கிடைப்பது சுலபம், அதற்குள் உட்காருகிற ஆளுக்குச் சம்பளம் கிடைப்பதுதான் கஷ்டம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி. இரண்டுமே நிலைத்து நிற்கும் சொத்து உருவாக்கத்தான், மாதச் செலவுக்கு அல்ல. நமக்கு நாமே திட்டமும் அப்படித்தான். 1997-98-ல் வந்து, இடையில் வேறு பெயரில் நடந்து, 2021-22-ல் மறுபடி வந்த அந்தத் திட்டத்தில், பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். பூங்காவுக்கும் கழிப்பறைக்கும் நல்ல திட்டம், சம்பளத்துக்கு உதவாது. 2021-26 காலத்துக்கான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுப்பட்டதாக இருந்தது. மீதி 40-ஐயும் சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது என்பதே விதியாக இருந்தது. ஆக, ஆள் போடுவதற்கு நகராட்சியிடம் இருப்பது அதன் சொந்த வருவாய்தான்: சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை, பேருந்து நிலையக் கட்டணம். அந்த உறுப்பினர் ரோட்டைப் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. ரோடு போடுகிற பணமும் இதில்தான் இருக்கிறது.

இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறவர்கள்தான் அதிகம். முதலில் கட்டடம், கல்வெட்டு, திறப்பு விழா. அப்புறம் பூட்டு. ஆறு மாதம் கழித்து உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கியிருக்கும். இது எனக்கு மனம் பொறுக்காத விஷயம், ஏனென்றால் அந்தப் பூட்டிய கதவைக் காட்டித்தான் அடுத்த பத்து வருடத்துக்கு 'அதெல்லாம் இங்கே ஓடாது' என்பார்கள். நீங்கள் ஒரு மேசை, ஒரு போன், ஒரு நல்ல ஆள் என்று தொடங்குங்கள்.

செலவைக் கணக்குப் போடுவோம். இது நான் போடும் மாதிரிக் கணக்கு, உங்கள் ஊர் விலைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். முழுநேர ஆள் ஒருவருக்கு மாதம் 18,000 ரூபாய். சனி, ஞாயிறு, திருவிழா நாட்களுக்கு இன்னொருவர், 7,000. போன், இணையம், கரண்ட் 3,000. வரைபடம் அச்சிட, ஜெராக்ஸ் எடுக்க 4,000. மொத்தம் 32,000, வருடத்துக்கு 3 லட்சத்து 84 ஆயிரம். தை மாதமும் சித்திரைத் திருவிழாவும் கூடுதல் ஆள் கேட்கும். தணிக்கையாளர் கட்டணமும் உண்டு. நாலரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நகராட்சியிடம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஒன்றரை லட்சம். காரணம் இருக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர் மேலூரில் சாப்பிட்டு, சாமான் வாங்கி, ஆட்டோவில் போனால், முதல் லாபம் கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும். அந்த வியாபாரத்தின் ஜிஎஸ்டி மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் போகிறது. நகராட்சிக்கு வருவது கடை ஏலம் கொஞ்சம் உயர்வதிலும், புதுக் கட்டடங்களின் சொத்து வரியிலும்தான், அதுவும் மெதுவாக. லாபம் யாருக்கோ அவர்தான் பெரிய பங்கு போட வேண்டும். உறுப்பினரிடம் இதை இப்படியே சொல்லுங்கள். 'நாங்கள் மூன்று லட்சம் திரட்டிவிட்டோம், நீங்கள் ஒன்றரை லட்சம் கொடுங்கள்' என்று போகிறவர்களுக்கு இருக்கும் மரியாதையே தனி.

அந்த மூன்று லட்சம் எங்கிருந்து? அறுபது கடைகள், மண்டபங்கள், உணவகங்கள் மாதம் 250 ரூபாய் கொடுத்தால் வருடத்துக்கு 1,80,000. வரைபடத்தின் பின்பக்க விளம்பரத்தில் 70,000 எடுக்கலாம். மீதி 50,000-ஐ வெளியூரில் இருக்கும் மேலூர்க்காரர்களிடம் கேளுங்கள், உங்கள் மைத்துனரில் தொடங்கி. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி பற்றிச் சிலர் ஆசை காட்டுவார்கள். கம்பெனிச் சட்டப் பட்டியலில் பாரம்பரியச் சின்னப் பாதுகாப்பு இருக்கிறது, ஊர் விளம்பரம் இல்லை. வெளி அமைப்பு ஒன்றின் வழியாகச் செலவழிக்க அதற்கு மூன்று வருட அனுபவமும் வேண்டும். முதல் வருடத்தில் அதை நம்ப வேண்டாம்.

மூன்று லட்சம் கையில் இருந்தாலும், நகராட்சி உங்கள் சங்கத்துக்கு அப்படியே செக் எழுதித் தர முடியாது. 'நன்கொடை' என்று எழுதினால் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் ஆட்சேபணை வரும், கையெழுத்துப் போட்ட ஆணையர் தலையில் விடியும். அதனால் தகவல் மையம் நகராட்சியின் சேவையாகவே இருக்கட்டும். இடமும் பெயர்ப்பலகையும் நகராட்சியுடையது, நடத்திக் கொடுக்கும் வேலை மட்டும் ஒப்பந்தப்படி உங்களுடையது. அதற்குத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 பொருந்தும் என்பதை மனதில் வைத்து, நடைமுறையை மதுரையில் இருக்கும் நகராட்சி நிர்வாக மண்டல அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பேருந்து நிலையக் கடை ஒன்றை ஏலம் இல்லாமல் சங்கத்தின் பெயருக்கு வாங்கப் பார்க்காதீர்கள். நாளைக்கே வேறொருவர் கோர்ட்டுக்குப் போவார். நகராட்சி தன் அறை ஒன்றை ஒதுக்கினால், அந்த அறை ஏலம் போயிருந்தால் எவ்வளவு வாடகை வந்திருக்கும் என்பதையும் கணக்கில் எழுதுங்கள். அதுவும் மக்கள் பணம்தான்.

நடத்துவதற்கு வணிகர் சங்கத்தை அப்படியே பயன்படுத்தாமல் புதுச் சங்கம் பதிவு செய்வது நல்லது. 1975-ம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். அந்த ஏழு பேரும் கடைக்காரர்களாக இருக்கக் கூடாது. ஒரு ஆசிரியர், ஒரு ஆட்டோ ஓட்டுநர், சுயஉதவிக்குழுப் பெண் ஒருவர், அப்புறம் கண்டிப்பாக அரிட்டாபட்டிக்காரர் ஒருவர்.

ஏன் கண்டிப்பாக? இரண்டு காரணம். முதலாவது நிர்வாகம் சம்பந்தப்பட்டது. மக்கள் பார்க்க வருகிற இடம் எதுவும் நகராட்சி எல்லைக்குள் இல்லை. அரிட்டாபட்டி, பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் சொல்லும் தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டுகள் உள்ள மாங்குளம், சமணச் சிற்பங்கள் உள்ள கீழவளவு, மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர், எல்லாமே ஊராட்சிகள். நகராட்சிப் பணத்தில் அங்கே ஒரு வழிகாட்டிப் பலகைகூட நட முடியாது. அதற்கு ஊராட்சித் தீர்மானம் வேண்டும், கல்வெட்டு, சிற்பம் உள்ள இடம் என்றால் தொல்லியல் துறையின் அனுமதியும் வேண்டும். இவர்கள் அனைவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க மாவட்ட ஆட்சியரால்தான் முடியும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, மாவட்ட சுற்றுலா அலுவலரையும் சேர்த்து ஒரு கூட்டம் கேளுங்கள்.

இரண்டாவது காரணம் அதைவிட முக்கியம். அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, மீனாட்சிபுரம் பகுதியையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேர். வல்லூறும் ராஜாளியும் வாழும் மலைகள், சுனைகள், கண்மாய்கள். டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அந்தச் சுற்றுவட்டார ஜனங்கள் கடையடைத்து, மதுரை வரைக்கும் பேரணி போய், 2025 ஜனவரியில் அந்தச் சுரங்க ஏலத்தை ரத்து செய்ய வைத்தார்கள். அவர்கள் காப்பாற்றிய மலைக்கு நாம் கூட்டம் அனுப்பப் போகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எத்தனை வேன் தாங்கும், பறவை கூடு கட்டும் மாதங்களில் எந்தப் பக்கம் போகக் கூடாது, கறிச்சோறு சமைத்துச் சாப்பிட்டுப் பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது, இதையெல்லாம் முடிவு செய்ய வேண்டியது அந்த ஊர் கிராமசபை. அவர்கள் இந்த மாதம் வேண்டாம் என்றால், தகவல் மையமும் 'இந்த மாதம் வேண்டாம், திருவாதவூர் போங்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். இதற்கு உங்கள் சங்கம் சம்மதிக்காவிட்டால் மையமே தேவையில்லை என்பேன்.

சரி, மேசையில் உட்காருகிறவர் என்ன செய்வார்? வண்ணப் படம் போட்ட புத்தகம் சுற்றுலாத் துறையிடமே கிடைக்கும், அதற்குச் செலவழிக்காதீர்கள். வருகிறவர் கேட்பது வேறு. அரிட்டாபட்டிக்கு அடுத்த பஸ் எப்போது, அதைவிட முக்கியம், திரும்பி வரக் கடைசி பஸ் எப்போது. ஆட்டோ எவ்வளவு கேட்பார்கள், காத்திருக்க எவ்வளவு. குடைவரைக் கோயில் பூட்டியிருந்தால் யாரைக் கேட்பது. வயதான அம்மாவால் படி ஏற முடியுமா. பெண்கள் போகும்படி கழிப்பறை எங்கே. இந்தக் கேள்விகளுக்கு உடனே, சரியாகப் பதில் சொல்கிற ஆள்தான் உங்கள் முதலீடு. ஆட்டோ ஸ்டாண்டில் பேசி, இடவாரியாகக் கட்டணம் எழுதிய பலகை ஒன்றை மேசைக்கு மேலே மாட்டுங்கள். வருகிறவர் மனதில் ஊரைப் பற்றிய முதல் நம்பிக்கை அதில்தான் பிறக்கும்.

ஒரு நோட்டு போடுங்கள், ஐந்து பத்தி போதும்: தேதி, எத்தனை பேர், எந்த ஊர், எங்கே போகக் கேட்டார்கள், நம்மால் என்ன உதவி செய்ய முடியவில்லை. கடைசிப் பத்திதான் தங்கம். மூன்று மாதத்தில் அந்தப் பத்தியில் 'கழிப்பறை' என்று எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணி, அதை நகர்மன்றத்துக்கு எடுத்துப் போங்கள். மேலே சொன்ன நமக்கு நாமே திட்டத்தை அதற்குப் பயன்படுத்தலாம். அது ஊர்க்காரர்களுக்கும் சேர்த்துத்தான் என்பதால் 'எதுக்கு வரிப்பணம்' என்ற கேள்வி அங்கே எழாது.

எழப்போகிற சண்டை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'நல்ல சாப்பாடு எங்கே?' என்று கேட்டால் மேசைக்காரர் யார் பெயரைச் சொல்வார்? மாதம் 250 கொடுக்கிறவர் தன் பெயரைத்தான் எதிர்பார்ப்பார். ஆனால் பொதுப்பணம் ஒரு ரூபாய் கலந்தாலும், உரிமம் உள்ள எல்லாக் கடையும் பட்டியலில் இருக்க வேண்டும், சந்தா கட்டாதவரும். எந்தக் கடையையும் சிபாரிசு செய்யக் கூடாது, பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். சந்தாதாரருக்கு வரைபடத்தில் பெரிய எழுத்தும் விளம்பரமும் கிடைக்கும், அவ்வளவுதான். இதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. ஒவ்வொரு மாதமும் வரவு செலவை மையத்தின் சுவரிலேயே ஒட்டுங்கள். நகராட்சிப் பங்கை மொத்தமாகக் கேட்காமல், அரையாண்டு அறிக்கை கொடுத்தபின் இரண்டு தவணையாக வாங்குங்கள். உறவினரை வேலைக்குப் போடாதீர்கள். பேருந்து நிலையத்தில் ஒரு வாரம் அறிவிப்பு ஒட்டி, ஊரிலேயே தமிழும் ஓரளவு ஆங்கிலமும் பேசத் தெரிந்த பெண்ணையோ பையனையோ நேர்காணல் வைத்து எடுங்கள்.

முதலில் சோதனையாக நடத்திப் பார்க்க மார்கழி முதல் சித்திரை வரை சரியாக இருக்கும். அலங்காநல்லூர், பாலமேடு ஜல்லிக்கட்டுக்கு வருகிறவர்களில் சிலர் இந்தப் பக்கமும் திரும்புவார்கள், கடைசியில் அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டம் இருக்கிறது. அந்த ஐந்து மாதச் சோதனைக்கு நகராட்சியிடம் பணம் கேட்காமல் அறையும் மின்சாரமும் மட்டும் கேளுங்கள். நோட்டோடும் சுவரில் ஒட்டிய கணக்கோடும் வைகாசியில் மன்றப் பொருளாக வைக்கச் சொல்லி, அடுத்த பட்ஜெட்டில் ஒன்றரை லட்சத்துக்குத் தனித் தலைப்புக் கேளுங்கள். இப்போதைய நகர்மன்றங்கள் 2022 பிப்ரவரித் தேர்தலில் வந்தவை, பதவிக்காலம் ஐந்தாண்டு. புது மன்றம் வந்தாலும் மையம் நிற்க வேண்டும் என்றால், தீர்மானத்தில் எந்த உறுப்பினர் பெயரும் எந்தக் கட்சி அடையாளமும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தை வருடா வருடம், அறிக்கையைப் பார்த்துப் புதுப்பிக்கும்படி எழுதுங்கள்.