கூத்து பாத்துட்டு வந்த மகள் ஏ/எல்லுக்கு நாடகம் எடுக்கப்போறன் எண்டா என்ன செய்யிற?

தங்கச்சி, நீங்க எழுதினத ரெண்டு தரம் வாசிச்சன். கோயில் முத்தத்துல விடிய விடிய கூத்து பாத்துட்டு வந்த மகள் அடுத்த நாள் சோறு திங்கக்குள்ளயும் காலால தாளம் போடுறா, ஏ/எல்லுக்கு (உயர்தரத்துக்கு) நாடகமும் அரங்கியலும்தான் எண்டு ஒத்தக்கால்ல நிக்கிறா, உங்கட வீட்டுக்காரர் கொமர்ஸ் எண்டுறார், நடுவுல நீங்க. கொஞ்சம் பொறுங்க.

போன்ல ஆயிரம் வீடியோ பாத்த புள்ளைக்கு ஏன் ஒரு இரவுல இப்பிடி ஆச்சு எண்டு கேட்டீங்க. களரிக்கு, அதான் கூத்து ஆடுற இடத்துக்கு, கிட்ட இருந்து பாத்தா தெரியும். பகல்ல வயலுக்குப் போற மாமா இரவைக்கு தருமரா வந்து நிக்கிறார், வேர்வை வடியுது, பாட்டு மறந்துபோகுது, கொப்பி பாக்கிறவர் அடுத்த வரிய எடுத்துக் குடுக்கிறார், மத்தளம் மட்டும் நிக்கிறதே இல்ல. பிழை விட்டும் ஆட்டம் போகுது எண்டத கண்ணால கண்ட புள்ளைக்கு "அப்ப எனக்கும் ஏலும்" எண்டு வரும். படத்துல அது வராது, அங்க பிழையெல்லாம் வெட்டித்தானே குடுக்கிறாங்க.

புள்ளைகளுக்கு மட்டுமில்ல, பெரியாக்களுக்கும் இது நடந்திருக்கு. 1956ல சரச்சந்திர மேடையேத்தின மனமே எண்ட சிங்கள நாடகம் பேராதனை கம்பஸ்ல தமிழ் படிப்பிச்ச பேராசிரியர் வித்தியானந்தனையும் உசுப்பிவிட்டது, பிறகு நம்மட கூத்த எடுத்து பேராதனையில 1962ல கர்ணன் போர், 1964ல இராவணேசன் எண்டு மேடையேத்தினார், அதுல இராவணனா ஆடின மட்டக்களப்பு பெடியன்தான் பிறகு பேராசிரியர் மௌனகுரு.

ஆனா ஒரு இரவ வெச்சு முடிவெடுக்காதீங்க. இன்னும் ரெண்டு மூண்டு ஆட்டத்துக்கு கூட்டிட்டுப் போங்க, கூத்துல ரெண்டு வகையிலயும், வடமோடி ஒண்டு, தென்மோடி ஒண்டு, மட்டக்களப்பு கல்லடியில கிழக்குப் பல்கலைக்கழகத்துட விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்துல மாணவர்ட நாடகம் போட்டா அதுவும். மேடைய விட்டுட்டு மகள்ட கண்ணப் பாருங்க. ஆடுறவரையே பாக்கிறாளா, மத்தளக்காரர்ட கையையா, உடுப்பையும் கிரீடத்தையுமா, லைட்டையா? நாடகம் எண்டா நடிப்பு மட்டும் எண்டு நினைச்சு வந்து ரெண்டு வருசம் அழுத புள்ளைகள கண்டிருக்கன். (அந்தக் காலம் பொம்புள வேசமும் ஆம்புளயள்தான் கட்டினவங்க, இப்ப பொம்புளப் புள்ளைகளும் களரியில இறங்கி ஆடுறாங்க, அதனால சனம் என்ன கதைக்கும் எண்ட பயத்த விடுங்க.)

பாட விசயம். கலைப் பிரிவுல மூணு பாடம்தானே, நாடகத்தோட தமிழும், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் சேர்த்தா ஒண்டுக்கொண்டு உதவும், பள்ளிக்கூடத்துல அந்த டீச்சர் இருக்காவா எண்டு முதல்ல கேளுங்க. நாடகத்துல எழுத்தோட செய்முறையும் இருக்கு. கல்லடி நிறுவகத்துல நாடகமும் அரங்கியலும் பட்டம் செய்யலாம், அதுக்கு இசட் ஸ்கோர் (கம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற ஏ/எல் புள்ளி) மட்டும் காணாது, தனியா தகுதி பாக்கிற சோதனை, செய்முறை சோதனை வெப்பாங்க, அந்த அறிவித்தல தவறவிட்ட வீடுகள் கனக்க.

பட்டம் முடிச்ச உடன வேல எண்டு நான் பொய் சொல்லமாட்டன், டீச்சர் நியமனத்துக்கு காத்துக்கொண்டு இருக்கிற ஆக்கள் உங்கட ரோட்டுலயே இருப்பாங்க. அதால இங்கிலீசும் வீடியோ எடிட்டிங்கும் இப்பவே பழகட்டும், கொமர்ஸ் எடுத்தாலும் அது வீண் போகாது.

அடுத்த ஆட்டத்துக்கு அவரையும் கூட்டிட்டுப் போங்க, ஃபிளாஸ்க்ல பிளேன்டியும் பாயும் மறக்காதீங்க, மத்தளத்துக்குக் கிட்ட இடம் புடிங்க. விடிய வந்து மகள் முதல்ல என்னத்தப் பத்தி கதைச்சா எண்டு எனக்கு எழுதுங்க.