இஸாகாயாவில் கேட்காத கிண்ணத்துக்கு 800 யென்

டோக்கியோவில் ஒரு இஸாகாயாவில், அதாவது ஜப்பானிய மதுக்கடையில், கேட்காததற்கு 800 யென் வாங்கி ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். ஏமாற்றவில்லை. உங்கள் இருவருக்கும் கேட்காமலே வந்த அந்தக் குட்டி நொறுக்குக் கிண்ணங்களுக்குத்தான் பில்லில் 800 யென் ஏறியிருக்கும். ஒதோஷி என்பார்கள், ஒசாகா பக்கம் சுகிதாஷி. ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை சகஜம். உட்கார்ந்ததற்கான காசு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடாமல் விட்டாலும் பெரும்பாலும் கழிக்க மாட்டார்கள்.

பில்லைப் பாருங்கள். ஒரே வரியில் இரண்டு பேருக்கு 400 வீதம் போட்டிருந்தால் அதுதான்.

மெனு புரியவில்லை என்றீர்களே, சுவரில் தொங்கும் கையெழுத்துச் சீட்டுகளில் மொபைல் மொழிபெயர்ப்பு நன்றாகவே சொதப்பும். எடமாமே (அவித்த பச்சை சோயா), யாகிதோரி (கம்பியில் சுட்ட கோழி), கராஆகே (பொரித்த கோழி) என்று வாயால் சொல்லுங்கள், அநேகமாக எங்கும் இருக்கும். அதற்கு முன் குடிக்க ஒன்று சொல்லிவிட வேண்டும், அதுதான் அங்கே முறை. மது வேண்டாமா, ஊலாங் டீ கேளுங்கள்.

சைவம் என்றால் உஷார். வெறும் டோஃபு என்று நம்பி வாங்கினால் மேலே மீன் சீவல் தூவி வரும்.

அப்புறம், டோக்கியோவின் இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவில், தெருவில் ஆள் பிடிப்பவர் கூட்டிப்போன கடையா? அப்படியானால் நான் சொன்ன கணக்கு செல்லாது. அங்கே இருக்கைக் கட்டணம், சேவைக் கட்டணம் என்று இஷ்டத்துக்கு ஏற்றுவார்கள்.