காடி ஆழம் மாறினால் ரூட்டரைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: அண்மையில் ஒரு பிளஞ்ச் ரூட்டர் (மோட்டாரை அழுத்தி இறக்கி மரத்தில் பள்ளம் வெட்டும் இயந்திரம்) வாங்கினேன். அலமாரித் தட்டுகளைப் பொருத்துவதற்காக 6 மி.மீ. ஆழம் வைத்துக் காடி (நீளப் பள்ளம்) எடுத்தபோது, தொடங்கிய இடத்தில் சரியாக இருந்த ஆழம் மறுமுனையில் 8 மி.மீ. ஆகிவிட்டது. ஆழ அளவுகோலில் இருக்கும் முள் சிறிதும் நகரவில்லை. இயந்திரம் பழுதுடையது என்று கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: கடைக்குப் போவதற்கு முன் ஒரு சிறிய சோதனையைச் செய்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால், குறை ஆழம் வைக்கும் பகுதியில் இருப்பதாகத் தெரியவில்லை. ஆழத்தைத் தவறாக வைத்திருந்தால் காடி முழுவதும் ஒரே அளவில் தவறியிருக்கும். மோட்டாரை இறக்கிய நிலையில் நிறுத்தும் பிளஞ்ச் பூட்டு நழுவியிருந்தால், உள்ளிருக்கும் ஸ்பிரிங் மோட்டாரை மேலே தூக்கிவிடுவதால் காடி ஆழம் குறைந்திருக்குமே தவிரக் கூடியிருக்காது. போகப் போக ஆழம் கூடுகிறது என்றால், பிட் (வெட்டும் அலகு) தன் பிடியிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பிட்டை மாட்டி இறுக்குங்கள். பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பிளவுள்ள குழல்தான் காலெட்; அதை இறுக்கும் நட்டின் விளிம்பை ஒட்டிப் பிட்டின் தண்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, பழைய பலகை ஒன்றில் ஒரு முழக் காடி எடுத்துப் பாருங்கள். நிறுத்தியபின் நட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் உலோகம் மெல்லிய பட்டையாகப் பளிச்சென்று தெரிந்தால், பிட் நழுவியது உறுதி.

நழுவுவதற்கு நான் அடிக்கடி கண்ட காரணம் தண்டும் காலெட்டும் பொருந்தாமல் இருப்பதுதான். கால் அங்குலக் காலெட் 6.35 மி.மீ. தண்டுக்கானது, அதில் 6 மி.மீ. தண்டு தாராளமாக நுழைந்துவிடும், ஸ்பேனரால் இறுக்கும்போது இறுகியது போலவே கைக்குத் தெரியும், ஆனால் மரத்தைத் தொட்டதும் பிடி விட்டுவிடும். வெர்னியர் (நுண்ணளவுக் கருவி) வைத்துத் தண்டை அளந்தால் இந்த 0.35 மி.மீ. வேறுபாடு அகப்பட்டுவிடும். 12 மி.மீ. தண்டுக்கும் அரை அங்குலமான 12.7 மி.மீ. தண்டுக்கும் இதே குழப்பம் உண்டு. பிட் வாங்கும்போது அதன் முகத்தை மட்டும் பார்த்துத் தண்டை விட்டுவிடுகிறோம் என்பதே இதன் வேர்.

அளவு பொருந்தியிருந்தால், தண்டு அடிவரை முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். இறுக்கும்போது காலெட் தண்டையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அடியில் முட்டிய தண்டுக்கு அந்த இடம் இல்லாததால் பிடி முழுமை பெறாது. முழுவதும் நுழைத்தபின் 2 அல்லது 3 மி.மீ. வெளியே எடுத்து இறுக்குவதே முறை. காலெட்டின் பிளவுகளில் மரப்பிசினும் தூளும் படிந்திருந்தால் துடைத்துவிடுங்கள். தூளை மேலே வாரித் தள்ளும் சுருள்வெட்டுப் பிட், வெட்டும் விசையாலேயே தன்னைக் கீழே இழுத்துக்கொள்ளும் என்பதால் அதற்கு இவையெல்லாம் இன்னும் முக்கியம்.

இவ்வளவும் சரியாக இருந்து, வேறொரு பிட்டும் அதே போல் நழுவினால், காலெட்டோ அது அமரும் கூம்புக்குழியோ பழுதுடையது. அப்போது கோடு போட்ட பிட்டையும் சோதனைப் பலகையையும் ரசீதையும் சேர்த்தே எடுத்துச் சென்று மாற்றித் தரக் கேளுங்கள். தாமதிக்க வேண்டாம், பல உத்தரவாதச் சீட்டுகளில் காலெட் தேய்மானப் பொருளாகவே கருதப்படுகிறது என்பதால், நாள் கடந்தபின் அது உங்கள் பயன்பாட்டால் தேய்ந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: என் ரூட்டரின் அளவுகோலில் 10 என்று வைத்தால் 9 மி.மீ. காடிதான் கிடைக்கிறது. நுண்திருகு உள்ள விலை கூடிய இயந்திரம் வாங்கினால்தான் இது தீருமா?

பதில்: தீராது, ஏனெனில் நீங்கள் சுழியத்தையே இன்னும் வைக்கவில்லை என்று நினைக்கிறேன். பிட் ஒவ்வொரு முறையும் வேறு வேறு நீளத்துக்கு வெளியே நிற்பதால், அளவுகோலில் உள்ள எண்ணுக்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை. ரூட்டரைச் சமமான பலகையின் மீது வைத்து, பிட்டின் நுனி மரத்தைத் தொடும் வரை அழுத்திப் பூட்டுங்கள். பிறகு ஆழத் தடுப்புக் கம்பியை அடியிலுள்ள படித்தடுப்பின் (படிப்படியான உயரங்கள் கொண்ட தடுப்பு) மீது இறக்கி, அந்த நிலையைச் சுழியமாகக் கொள்ளுங்கள். கம்பிக்கும் படித்தடுப்புக்கும் இடையில் விடும் இடைவெளி எவ்வளவோ அவ்வளவுதான் வெட்டின் ஆழம். அந்த இடைவெளியை எண்ணைப் பார்த்து வைப்பதை விட, 10 மி.மீ. துளைப்பிட் ஒன்றின் வழவழப்பான தண்டுப்பகுதியை இடையில் வைத்துக் கம்பியை அதன்மேல் இறக்கிப் பூட்டுவது எளிது, கண்பிழையும் நேராது. வீணான துண்டில் வெட்டி, வெர்னியரின் ஆழக் கம்பியால் அளந்துவிட்டே நல்ல மரத்துக்குப் போக வேண்டும்.

நுண்திருகு என்பது இப்படி அளந்தபின் எஞ்சும் 0.2 அல்லது 0.3 மி.மீ. பிழையைத் திருத்துவதற்கானது. உள்பதிப்பு வேலை, கீல் பதிக்கும் குழி போன்றவற்றைச் செய்பவருக்கு அது பணத்துக்குத் தகுந்த வசதி; அலமாரிக் காடி மட்டும் எடுப்பவருக்குத் தேவையில்லை. அதற்குச் செலவிடுவதை விட, கடையில் நான்கைந்து முறை அழுத்தி விட்டுப் பார்த்து, மோட்டார் ஏறி இறங்கும் இரு தூண்களிலும் ஒரு பக்கமாகத் திக்காமல் இறங்கும் இயந்திரத்தையும், பூட்டியபின் மோட்டாரைப் பிடித்து அசைத்தால் ஆடாத இயந்திரத்தையும் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: 6 மி.மீ. பிட்டால் 12 மி.மீ. ஆழத்தை ஒரே வெட்டில் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு வெட்டுக்குப் பிட்டின் விட்டத்தில் பாதி, அதாவது 3 மி.மீ. என்று வைத்துக்கொண்டு நான்கு முறையாக இறங்குங்கள். மென்மரத்தில் மூன்று முறை போதும். படித்தடுப்பில் உயரம் மாறும் பல படிகள் இருப்பது இதற்காகத்தான். கடைசி ஆழத்தை மிகத் தாழ்ந்த படியில் வைத்துவிட்டு, உயரமான படியிலிருந்து வெட்டத் தொடங்குங்கள்.