பட்டாளத்தார் வீட்டுக் காகிதங்கள்: வாசகர் கேள்வி – பதில்

அப்பா 1968-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். 1971 போரில் மேற்கு எல்லையில் இருந்தார். 1985-இல் நாயக்காக ஓய்வு பெற்று, ஊருக்கு வந்து இன்று வரை விவசாயம். ராணுவக் காகிதத்தில் அம்மாவின் பெயர் செல்லாயி. ஆதாரில் செல்லம்மாள். இதனால் பிற்காலத்தில் சிக்கல் வருமா?
– வாசகர், உசிலம்பட்டி

வரும். அப்பா நல்லபடியாக இருக்கும்போதே இதைச் சரிசெய்துவிடுங்கள். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கக்கூடிய வேலை இது. அவருக்குப் பின் அம்மா ஒருவராக அலைவதென்றால் மாதக்கணக்கில் இழுக்கும்.

இந்தக் குழப்பம் பெரும்பாலும் திருமணத்துக்குப் பின் உண்டானதுதான். விடுப்பு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பிய சிப்பாய், மனைவியின் பெயரை வாயால் சொல்லியிருப்பார். தமிழ் தெரியாத கிளார்க் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ‘செ’ என்ற எழுத்துக்கு ஒருவர் எஸ் போடுவார், இன்னொருவர் சி.ஹெச். போடுவார். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் இன்னொன்று என்பதும் நம் ஊர்களில் சாதாரணம். ஐம்பது ஆண்டு கழித்து, குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும்போதுதான் அது முட்டுக்கட்டையாக நிற்கும்.

முதலில் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் (பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது தந்த சேவைப் பதிவு) பி.பி.ஓ.வையும் (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) அருகருகே வைத்துப் பாருங்கள். பழைய பி.பி.ஓ. பலவற்றில் மனைவியின் பெயரே இருக்காது. பெயர் இருந்தும் பிறந்த தேதி இல்லாதவையும் உண்டு. பிறந்த தேதியைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. ஓய்வூதியரானாலும் குடும்ப ஓய்வூதியம் பெறுபவரானாலும் 80 வயதில் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, 100 வயதில் 100 சதவீதம். தேதி பதிவாகவில்லை என்றால் இந்தக் கூடுதல் தானாக வந்து சேராது.

திருத்தம் தொடங்க வேண்டிய இடம் அப்பாவின் ரெக்கார்ட் ஆபீஸ், அதாவது அவர் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் பொறியாளர் படை) என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு கேம்ப், சிக்னல்ஸ் (தகவல்தொடர்புப் படை) என்றால் ஜபல்பூர், ஈ.எம்.ஈ. (மின், இயந்திரப் பொறியாளர் படை) என்றால் செகந்திராபாத். அப்பாவே எழுதிக் கையெழுத்திட்ட விண்ணப்பம், டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ., இருவரின் ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றின் நகல், சேர்ந்து எடுத்த புகைப்படம், ‘செல்லாயி என்பவரும் செல்லம்மாள் என்பவரும் ஒருவரே’ என்ற பிரமாணப் பத்திரம் ஆகியவற்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். அவர்கள் சரிபார்த்து மேலொப்பமிட்டு அனுப்புவார்கள். ரெக்கார்ட் ஆபீஸ், மாற்றத்தைப் பதிவு செய்யும் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற ஆணையை வெளியிடும். அதன்பேரில் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு ஓய்வூதிய அலுவலகம் திருத்திய பி.பி.ஓ. தரும்.

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். பார்ட் டூ ஆர்டர் நகல் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று பீரோவில் வைத்துவிடுகிறார்கள். திருத்திய பி.பி.ஓ. வந்து, ஸ்பர்ஷ் (பாதுகாப்புத் துறையின் இணையவழி ஓய்வூதியத் தளம்) கணக்கிலும் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் மாறியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

பெயரின் எழுத்து மட்டும் வேறு என்றால் பிரமாணப் பத்திரமே பெரும்பாலும் போதும். பெயரே முற்றிலும் வேறு என்றால் அரசிதழ் அறிவிப்பும் நாளிதழ் விளம்பரமும் கேட்பார்கள். ராணுவக் காகிதத்துக்கு ஏற்றபடி ஆதாரை மாற்றிவிடலாமே என்று சிலர் குறுக்குவழி சொல்வார்கள். அம்மாவின் பெயரில் பத்திரம், பட்டா, வங்கிக் கணக்கு எல்லாம் செல்லம்மாள் என்று இருந்தால் அந்த வழியில் போகவே வேண்டாம். ஒரு முடிச்சை அவிழ்க்கப் போய் நான்கு முடிச்சு விழும்.

மாமனாருக்கு 77 வயது. வாழ்நாள் முழுக்க மண்வெட்டி பிடித்த கை. உயிர்வாழ் சான்றுக்காக விரலை வைத்தால் மெஷின் ஏற்க மறுக்கிறது. சென்ற ஆண்டு எப்படியோ பதிவாகியும் ஓய்வூதியம் நின்றுபோனது. ஏன்?
– வாசகி, மணப்பாறை

இதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன.

விரல் ரேகை தேய்ந்தவர்கள் விரலையே நம்பியிருக்க வேண்டாம். ஸ்மார்ட்போனில் ‘ஜீவன் பிரமாண்’ செயலியும் ‘ஆதார் ஃபேஸ் ஆர்.டி.’ செயலியும் இருந்தால் முகத்தைக் காட்டியே பதிவு செய்யலாம். வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வையுங்கள். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருண்டு தோல்வியாகும். கண்ணாடியைக் கழற்றி, திரையில் கேட்கும்போது கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். போன் பிடிப்பவர் கை ஆடக் கூடாது. கருவிழி பதியும் மெஷின் உள்ள சேவை மையமும் உதவும்.

பதிவான பிறகும் பணம் நின்றதென்றால், சான்று தவறான இடத்துக்குப் போயிருக்க வேண்டும். ஓய்வூதியம் ஸ்பர்ஷுக்கு மாறிய பின்னும், வழங்கும் அலுவலகம் என்ற இடத்தில் பழைய வங்கியின் பெயரைத் தேர்வு செய்துவிடுகிறார்கள். சான்று வங்கிக்குப் போகும், ஸ்பர்ஷுக்கு வராது. மேலே சொன்ன பிரயாக்ராஜ் அலுவலகம்தான் இதில் பழைய ஊர்ப் பெயரோடு இருக்கும்: அனுமதித்த அலுவலகம் ‘டிஃபன்ஸ் – பி.சி.டி.ஏ. (பி) அலகாபாத்’, வழங்கும் அலுவலகம் ‘ஸ்பர்ஷ் – பி.சி.டி.ஏ. (பென்ஷன்ஸ்) அலகாபாத்’ என்று இருக்க வேண்டும். பி.பி.ஓ. எண்ணும் ஸ்பர்ஷ் தந்த புதிய எண்ணாக இருக்கட்டும். சரியாகப் பதிந்ததும் நின்ற மாதங்களின் தொகை நிலுவையாக வந்துவிடும்.

சான்று கொடுக்க வழக்கமான மாதம் நவம்பர். 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம்.

சித்தப்பா 1971 போரில் இருந்தவர். சில ஆண்டுகளிலேயே வெளியே வந்துவிட்டார், ஓய்வூதியம் இல்லை. கூலி வேலை பார்த்தவர், இப்போது உடம்புக்கு முடியவில்லை. அவருக்கு ஏதாவது கிடைக்குமா?
– வாசகர், முதுகுளத்தூர்

ஓய்வூதியம் இல்லை என்பது உறுதிதானா என்று முதலில் பாருங்கள். அந்தக் காலத்தில் படைப்பிரிவில் சில ஆண்டுகள், ரிசர்வில் (ஊரில் இருந்துகொண்டு, கூப்பிட்டால் திரும்பிவரும் நிலையில்) சில ஆண்டுகள் என்ற ஏற்பாடு இருந்தது. இரண்டும் சேர்ந்து 15 ஆண்டு ஆனவருக்கு ரிசர்விஸ்ட் ஓய்வூதியம் உண்டு. ஊரில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த ரிசர்வ் ஆண்டுகளைச் சேவையாக நினைக்காமலே விட்டவர்கள் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் கலர் சர்வீஸ் (படைப்பிரிவில் இருந்த ஆண்டுகள்), ரிசர்வ் சர்வீஸ் என்று தனித்தனியாக எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தையும், விடுவித்த காரணம் எழுதிய பக்கத்தையும் கவனமாகப் படியுங்கள்.

அதுவும் இல்லையென்றால், மத்திய சைனிக் போர்டின் (முன்னாள் படைவீரர் நல வாரியம்) வறுமை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஓய்வூதியம் இல்லாத, 65 வயது கடந்த, ஹவில்தார் பதவி வரையிலான முன்னாள் படைவீரருக்கும் அத்தகையவரின் கைம்பெண்ணுக்குமான திட்டம் இது. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் முதல் 8,000 ஆக உயர்த்தப்பட்டது. விண்ணப்பம் இணையத்தில்தான். ஆனால் மாவட்ட நல அலுவலகத்தில் முன்னாள் படைவீரராகப் பதிந்து அடையாள அட்டை வாங்காமல் அது நகராது. போர்க்களத்தில் நின்ற ஒருவர் இத்தனை ஆண்டு இந்தப் பதிவு இல்லாமல் இருந்தது வருத்தம் தருகிறது. இந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கணவர் ராணுவத்தில் 17 ஆண்டும், பிறகு தபால் துறையில் 20 ஆண்டுக்கு மேலும் வேலை பார்த்தார். இரண்டு ஓய்வூதியம் வாங்கினார். சென்ற மாதம் தவறிவிட்டார். எனக்கு ஒன்றுதான் வரும் என்கிறார்கள்.
– வாசகி, அரக்கோணம்

அது பழைய விதி, அம்மா. 2012 செப்டம்பர் 24 முதல் ராணுவக் குடும்ப ஓய்வூதியம், சிவில் குடும்ப ஓய்வூதியம் இரண்டையும் பெறலாம். அவருடைய ராணுவச் சேவையைச் சிவில் சேவையோடு சேர்த்து ஒரே ஓய்வூதியமாக்கியிருந்தால் மட்டும் ஒன்று. அவர் இரண்டு வாங்கியவர் என்பதால் உங்களுக்கு அந்தத் தடை இல்லை. இறப்புச் சான்றுடன் ஸ்பர்ஷில் ஒரு விண்ணப்பம், தபால் துறையில் ஒரு விண்ணப்பம் என்று தனித்தனியாகக் கொடுங்கள்.

இறப்புக்குப் பின் அவர் கணக்கில் ஓய்வூதியம் விழுந்திருந்தால் ஏ.டி.எம்.மில் எடுக்காதீர்கள். அதைத் திரும்பப் பிடிப்பார்கள். உங்கள் குடும்ப ஓய்வூதியம் அவர் இறந்த மறுநாளிலிருந்து கணக்காகும், தாமதமானாலும் நிலுவை வரும். ராணுவத் தரப்பில் சாதாரண விகிதம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 50 சதவீதம் என்ற உயர்ந்த விகிதம் ஏழு ஆண்டு, அல்லது அவருக்கு 67 வயது நிறையும் நாள், இதில் எது முந்தியதோ அதுவரைதான். அவர் 67-ஐத் தாண்டியவர் என்றால் தொடக்கத்திலேயே 30 சதவீதம்தான் வரும். அடிப்படைத் தொகை 9,000 ரூபாய்க்குக் குறையாது, அதன்மேல் அகவிலைப்படி.

தம்பி ஹவில்தார். அடுத்த ஆண்டு 37 வயதில் ஓய்வு. ஓய்வூதியத்தில் பாதியை கம்யூட் செய்து (முன்கூட்டியே மொத்தத் தொகையாகப் பெற்று), போர்வெல் போட்டு டிராக்டர் வாங்கி விவசாயம் பார்க்கப் போகிறேன் என்கிறான். சரியா?
– வாசகர், செய்யாறு

கணக்கைப் பார்ப்போம். அடிப்படை ஓய்வூதியம் 20,000 என்று வையுங்கள். பாதி 10,000. அந்த வயதுக்கு அரசு அட்டவணை தரும் பெருக்கு எண் 9-க்குச் சற்று மேல். 10,000 × 12 × 9 என்றால் 10 லட்சத்து 80 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல் கையில் வரும். 15 ஆண்டுக்கு மாதம் 10,000 பிடிப்பார்கள், மொத்தம் 18 லட்சம். அந்தப் பெருக்கு எண் அட்டவணையே 8 சதவீத வட்டியை வைத்துப் போட்டதுதான்.

சாதகமும் உண்டு. அகவிலைப்படி 20,000 முழுமைக்கும் கணக்காகும், மீதிப் பாதிக்கு மட்டும் அல்ல. 15 ஆண்டுக்குள் அவருக்கு ஏதாவது நேர்ந்தால் மீதியைக் குடும்பத்திடம் கேட்க மாட்டார்கள், குடும்ப ஓய்வூதியமும் குறையாது. வங்கிக் கடனில் இந்தப் பாதுகாப்பு தானாக வராது.

ஆகவே கம்யூட் செய்யட்டும், அந்தப் பணம் முழுவதையும் நிலத்தில் இறக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. உழவு, விதை, உரத்துக்கு கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, நாள் தவறாமல் கட்டினால் 4 சதவீதம். 8 சதவீதப் பணத்தை அதற்குச் செலவழிக்கக் கூடாது. போர்வெல் போடுமுன் பக்கத்துத் தோட்டங்களில் எத்தனை அடியில் தண்ணீர், சித்திரை வைகாசியில் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது என்று கேளுங்கள். இத்தனை ஆண்டு ஊரில் இல்லாதவர் நினைவில் இருப்பது பழைய கிணற்றின் நீர்மட்டம். டிராக்டரை முதல் இரண்டு வெள்ளாமைக்கு வாடகைக்கு எடுக்கட்டும். சொந்த உழவு எத்தனை மணி நேரம் என்று நோட்டில் குறித்துப் பார்த்தால் வாங்கலாமா என்பது தெரிந்துவிடும்.

வேலைக் கதவையும் மூட வேண்டாம். மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீதம், பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் பணியில் 14.5 சதவீத ஒதுக்கீடு உள்ளது. குரூப் சி-க்கான வயதுக் கணக்கில் சேவை ஆண்டுகளைக் கழித்து, அதற்கு மேல் மூன்று ஆண்டு சலுகையும் தருவார்கள். பத்தாம் வகுப்பும் 15 ஆண்டுச் சேவையும் இருந்தால், தொழில்நுட்பம் சாராத பல குரூப் சி பணிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாக எடுத்துக்கொள்வார்கள். ஓய்வுக்கு ஓராண்டு முன்பிருந்தே யூனிட்டின் தடையில்லாச் சான்றோடு விண்ணப்பிக்கலாம். சீருடை வேலையே பிடிக்கும் என்றால் டி.எஸ்.சி. (பாதுகாப்புத் துறைக் காவல் படை) இருக்கிறது. அதன் ரெக்கார்ட் ஆபீஸ் கண்ணூர்.

தாத்தாவின் பெட்டியில் மூன்று பதக்கங்கள் கிடந்தன. ரிப்பன் நைந்துவிட்டது. அவருடையவைதானா என்று எப்படி அறிவது?
– வாசகர், திருமங்கலம்

வட்டப் பதக்கத்தைப் பக்கவாட்டில் பிடித்து, விளிம்பை வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றுங்கள். ராணுவ எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். அந்த எண்ணை டிஸ்சார்ஜ் புத்தகத்தின் முதல் பக்கத்தோடும், பதக்கத்தின் பெயரை அதில் பதக்கங்கள் குறித்த பக்கத்தோடும் ஒப்பிடுங்கள். 1971-இல் கிழக்குக் களத்தில் இருந்தவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கில் இருந்தவருக்குப் பஸ்சிமி ஸ்டார், இவற்றோடு சங்கிராம் மெடலும் இருக்கும். புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் போடாதீர்கள். தேய்த்தால் விளிம்பின் எழுத்துதான் முதலில் போகும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, ரிப்பனை மட்டும் புதிதாக மாற்றுங்கள்.