மனசு வரட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. சொந்த ஊர் கிருஷ்ணகிரி. பெங்களூரு மாரத்தஹள்ளியில் பிஜியில் தங்கி, ஆறு வருஷமாக ஒரே கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். வேலை மாறுவதற்காக மூன்று ஆன்லைன் கோர்ஸுக்குப் பணம் கட்டினேன், ஒன்றையும் முடிக்கவில்லை. சனி, ஞாயிறு மொபைலும் படுக்கையுமாகப் போகிறது. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். ஆர்வம் வர என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: அன்புத் தம்பி, சோம்பேறி காசு கட்டி மூன்று கோர்ஸில் சேரமாட்டான். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முன்பு பிடித்தவைகூட இப்போது பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலும் இப்படியே இருக்கிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருத்துவ உதவி வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, தயங்காமல் போங்கள். தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் பி12 குறைவும்கூட ஆளை இப்படிச் சாய்த்துவிடும் என்பதால், டாக்டரிடம் கேட்டு ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

அதெல்லாம் இல்லையென்றால், ஆர்வம் வரட்டும் என்று காத்திருப்பதுதான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. படுத்தே கிடந்தால் மனசுக்குப் பிடித்த எதுவும் நடக்காது. நடக்காததால் இன்னும் சோர்வு, அதனால் இன்னும் படுக்கை. 1970களில் பீட்டர் லூயின்சன் போன்ற உளவியலாளர்கள் மனச்சோர்வு சிகிச்சையில் இந்தச் சுழலைத்தான் கவனித்தார்கள். மனநிலை எப்படி இருந்தாலும் சரி, குறித்த நேரத்தில் ஒரு சின்ன வேலையைத் தொடங்க வைத்தார்கள். ஆர்வம் பெரும்பாலும் தொடங்கிய பிறகுதான் வரும்.

அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கில் சிக்கி, ராத்திரி ரூமுக்கு வந்து படிப்பது யாருக்குமே கஷ்டம். காலை டீ குடித்த கையோடு இருபது நிமிஷம் உட்காருங்கள். மொபைல் பைக்குள் இருக்கட்டும். சனிக்கிழமை ரூமில் இருக்கவே வேண்டாம். கே.ஆர்.புரத்தில் பர்ப்பிள் லைன் மெட்ரோ ஏறி அல்சூரில் இறங்கினால், ஏரிப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, நூலகத்தோடு. நாலு பேர் முகமாவது பார்க்கலாம்.

அப்புறம், கோர்ஸ் முடியட்டும் என்று ரெஸ்யூமை நிறுத்தி வைக்காதீர்கள். இந்த ஞாயிறே இரண்டு இடத்துக்கு அனுப்புங்கள். இன்டர்வியூவில் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தால், மூன்றில் எந்தக் கோர்ஸ் வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதும் தெரிந்துவிடும்.