சீன மேலாளருக்கு அவருடைய ராசி விலங்கையே பரிசாகக் கொடுக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். என் மேலாளர் சீனர், 1978-இல் பிறந்தவர், ராசி விலங்கு குதிரை. 2026 குதிரை வருடம் என்கிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு அவருக்கு ஒரு குதிரைச் சிலை வாங்கிக் கொடுத்தால் பொருத்தமாக இருக்குமா? ஒவ்வொரு விலங்குக்கும் என்ன அர்த்தம்?

கொடுத்தால் அவர் ஒன்றும் முகம் சுளிக்க மாட்டார், சிரித்துக்கொண்டே வாங்கி மேசையில் வைப்பார். ஆனால் இந்த வருடம் அவருக்குக் குதிரையைவிட ஒரு ஜோடி சிவப்பு சாக்ஸ் பொருத்தமான பரிசு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவர் விலங்கு, அந்த விலங்கின் வருடம், ஆகவே அவருக்கு யோகம் என்றுதான் நமக்குச் சட்டென்று தோன்றும். சீனர்களின் கணக்கு நேர் எதிர். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை தன் விலங்கின் வருடம் திரும்பி வரும்போது அது சோதனையான காலம், வேலை, உடம்பு, பணம் எல்லாவற்றிலும் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. பென்மிங்நியான் என்பார்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் அதிகாரியாக தாய் சுய் என்றொரு தெய்வம் உண்டு, அந்த வருடத்து விலங்கில் பிறந்தவர்கள் அவர் கண்ணில் நேராகப் போய் விழுகிறார்கள் என்று ஐதீகம். நமக்கு இதைப் புரிய வைக்க ஒரே சொல் போதும்: ஜென்ம குரு. ஜென்ம குருவில்தான் ராமர் காட்டுக்குப் போனார் என்று நம் ஜோசியர்கள் பயமுறுத்துவார்களே, அந்த மாதிரி. இதில் வேடிக்கை என்னவென்றால் இரண்டுக்கும் மூலம் ஒரே கிரகம். வியாழன் சூரியனைச் சுற்றிவரக் கிட்டத்தட்ட 12 வருடம் ஆகிறது, பழைய காலத்துச் சீனர்கள் வியாழனுக்கு எதிர்த் திசையில் நகரும் ஒரு கற்பனைக் கோளை வைத்துக்கொண்டு வருடங்களை எண்ணினார்கள், அந்தக் கோள்தான் பின்னாளில் தாய் சுய் என்ற தெய்வமானது.

இதற்குப் பரிகாரம் சிவப்பு. ஜனவரி மாதம் சைனாடவுன் பக்கம் போனால் தெருக் கடைகளில் சிவப்பு உள்ளாடை, சிவப்பு பெல்ட், சிவப்பு சாக்ஸ் என்று தொங்கவிட்டிருப்பார்கள். சாக்ஸைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பாதத்தில் பொன் நிறத்தில் சில எழுத்துகள் அச்சடித்திருக்கும். முதுகுக்குப் பின்னால் குழி பறிக்கிறவர்களைக் காலடியில் போட்டு மிதி என்று அர்த்தம். அலுவலகத்தில் வேலை செய்கிற யாருக்குத்தான் அது பிடிக்காது. முக்கியமான விதி, இந்தச் சிவப்புப் பொருளைத் தானே வாங்கிக்கொள்வதைவிட அடுத்தவர் வாங்கிக் கொடுத்தால்தான் பலன் அதிகம் என்பார்கள். அதனால்தான் இது பரிசுப் பொருளாகவே ஆகிவிட்டது. உள்ளாடையை அவர் மனைவியோ அம்மாவோ பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சாக்ஸ் ரொம்பச் சாதாரணமாகத் தெரிகிறது என்றால் சிவப்புக் கயிறு இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் பேன்ட்ரியைப் பார்த்துக்கொள்கிற ஆன்ட்டி 1953-இல் பிறந்தவர், பாம்பு. 2025 பாம்பு வருடம். அந்த வருடம் முழுக்கக் கையில் மெல்லிய சிவப்புக் கயிறு கட்டியிருந்தார், அதில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு தங்க மணி. கோப்பை கழுவும்போது கயிறு நனையக் கூடாது என்று அதை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொள்வார். பாம்பாகத்தான் இருக்கும் என்று கிட்டப் போய்ப் பார்த்தால் குரங்கு! கேட்டதற்கு, மகள் கட்டிவிட்டது, பாம்புக்குக் காவல் குரங்குதான், பாம்பையே போட்டுக்கொண்டால் இருக்கிற தொல்லை இரட்டிப்பாகிவிடும் என்றார்.

அங்கேதான் சூட்சுமம். இணையத்தில் "எலி: புத்திசாலி, எருது: உழைப்பாளி, நாய்: விசுவாசி" என்று பன்னிரண்டு வரிப் பட்டியல் கிடைக்கும், பரிசு வாங்க அது பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனப்படாது. எந்த விலங்குக்கு எது உறவு, எது பகை என்பதுதான் தெரிய வேண்டும். வரிசை இது: எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. இதை ஒரு கடிகார முகத்தைப் போல வட்டமாகப் போட்டால் எதிரெதிரே நிற்பவை பகை. எலிக்குக் குதிரை, எருதுக்கு ஆடு, புலிக்குக் குரங்கு, முயலுக்குச் சேவல், டிராகனுக்கு நாய், பாம்புக்குப் பன்றி. ஆறு வயது வித்தியாசத்தில் கல்யாணம் வேண்டாம் என்று சில சீனக் குடும்பங்களில் பெரியவர்கள் இழுப்பது இதனால்தான். நாலு இடம் தள்ளித் தள்ளி இருக்கும் மூன்று மூன்று பேர் கூட்டாளிகள், குதிரை என்றால் புலியும் நாயும். இது போக ஒவ்வொன்றுக்கும் ஒரு ரகசியத் தோழன் உண்டு: எலிக்கு எருது, புலிக்குப் பன்றி, முயலுக்கு நாய், டிராகனுக்குச் சேவல், பாம்புக்குக் குரங்கு, குதிரைக்கு ஆடு. ஆக உங்கள் மேலாளருக்கு விலங்கு வடிவத்தில்தான் ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் இந்த வருடம் ஆட்டைக் கொடுங்கள். ஏன் ஆடு என்று அவருக்குச் சொல்லவே வேண்டாம், உடனே புரிந்துகொள்வார். இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறானே என்று உங்களைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவும் நினைப்பார்.

குதிரைச் சிலையே ஆகாது என்றும் இல்லை. வேகமான வெற்றிக்கு அடையாளம் குதிரை, சீன ஓவியர் சூ பெய்ஹோங் மையில் வரைந்த பாயும் குதிரைகளின் அச்சுப் பிரதியைப் பல சீன அலுவலகங்களில் பார்க்கலாம். குதிரையின் முகம் வாசலைப் பார்க்காமல் உள்ளே பார்த்தபடி மாட்ட வேண்டும் என்பார்கள், வருகிற அதிர்ஷ்டம் உள்ளே ஓடி வர வேண்டுமாம். புலி, நாய் ராசிக்காரர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். எலிக்காரர்களுக்கு, அதாவது 1972, 1984, 1996-காரர்களுக்கு வேண்டாம், குதிரை வருடம் அவர்களுக்கும் பகை வருடம். பெரிய சிலையாக வாங்கி அது மேலாளர் வீட்டுக்குப் போய், அங்கே அவர் மனைவி 1984-காரராக இருந்தால் அந்தச் சிலை எங்கே போய் உட்காரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இன்னொன்று, அவர் 1978-இல் எந்த மாதம் பிறந்தவர்? நம் ராசி சந்திரன் நின்ற இடத்தை வைத்து வருவது, ஒரே வகுப்பில் பன்னிரண்டு ராசிக்காரர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு வருடத்தை வைத்து, கிட்டத்தட்ட வகுப்பு முழுக்க ஒரே விலங்கு. அதனால்தான் சீனர்கள் வயதை நேரடியாகக் கேட்காமல் "உங்கள் விலங்கு என்ன" என்று நைசாகக் கேட்டு, முகத்தைப் பார்த்துப் பன்னிரண்டைக் கூட்டிக் கழித்து வயதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் அந்த வருடம் ஜனவரி 1-இல் பிறப்பதில்லை. 1978-இல் குதிரை வருடம் பிப்ரவரி 7-இல்தான் தொடங்கியது, ஜனவரியில் பிறந்தவர் என்றால் அவர் குதிரையே இல்லை, பாம்பு. நல்ல கடைக்காரர்கள் ஜனவரி, பிப்ரவரி என்று சொன்னதும் தேதியையும் கேட்டுவிட்டுத்தான் பொருளை எடுப்பார்கள்.

விலங்குகளின் அர்த்தம் கேட்டீர்கள். எனக்குப் பிடித்த சிலதை மட்டும் சொல்கிறேன். சேவலுக்கு ஐந்து குணம் சொல்வார்கள்: தலையில் கொண்டை, அது படித்த அதிகாரியின் தொப்பி, காலில் முள், அது போர்வீரனின் ஆயுதம், எதிரியைக் கண்டால் பின்வாங்காது, இரை கிடைத்தால் மற்றக் கோழிகளையும் கூப்பிடும், நேரம் தவறாமல் கூவும். பதவி உயர்வு கிடைத்தவருக்குச் சேவல் படம் கொடுக்கிற வழக்கத்துக்குக் கொண்டைதான் காரணம். புலி பிள்ளைகளுக்குக் காவல், எந்த வருடத்தில் பிறந்த குழந்தையானாலும் புலி முகம் தைத்த தொப்பியும் செருப்பும் போட்டுவிடுவார்கள், ஆனால் புலி ராசிக்காரர்களை மணப்பெண்ணின் அறைக்குள் வரவேண்டாம் என்று இன்னமும் சில வீடுகளில் தடுக்கிறார்கள். பன்றி வளத்துக்கு அடையாளம், ஆனால் மலாய்க்காரர்களும் சேர்ந்து வேலை பார்க்கிற இடத்தில் பன்றி பொம்மையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சீனாவிலேயே 2007 பன்றி வருடத்தில் முஸ்லிம்களின் உணர்வை மதித்து அரசுத் தொலைக்காட்சி விளம்பரங்களில் பன்றிப் படத்தைத் தவிர்க்கச் சொன்னது. உங்கள் சக ஊழியர் வியட்நாம்காரர் என்றால் முயலுக்குப் பதில் பூனை, எருதுக்குப் பதில் எருமை.

இந்தக் குணப் பட்டியல்களெல்லாம் மிகப் பழைய சங்கதி என்பது மட்டும் உண்மை. 1975-இல் ஹூபே மாகாணத்தில் ஷுய்ஹூடி என்ற இடத்தில் கி.மு. 217 வாக்கில் புதைக்கப்பட்ட சின் அரசின் அதிகாரி ஒருவரின் கல்லறையில் மூங்கில் சுவடிகள் கிடைத்தன. அதில் நாளுக்கொன்றாக விலங்குகள் வரிசையாக வருகின்றன, எதற்கென்றால் திருடனைப் பிடிக்க! எலி நாளில் திருடியவன் என்றால் கூரான வாய், அடர்த்தியில்லாத தாடி என்று அடையாளம் போகிறது. இன்றைக்குக் குதிரை இருக்கிற இடத்தில் அந்தச் சுவடியில் மான் இருக்கிறது.

குதிரையிலும் 2026 கொஞ்சம் விசேஷமானது. பன்னிரண்டு விலங்கோடு மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தும் சேர்ந்து 60 வருடச் சுற்று, நம்முடைய பிரபவ முதல் அட்சய வரை போலத்தான். 2026 நெருப்புக் குதிரை, போன முறை வந்தது 1966-இல் (நமக்கும் அது இதே பராபவ வருடம்தான்). நெருப்புக் குதிரையில் பிறந்த பெண் புருஷனை விழுங்கிவிடுவாள் என்று ஜப்பானில் ஒரு மூடநம்பிக்கை, அதற்குப் பயந்து 1966-இல் அங்கே பிறப்பு 18 லட்சத்திலிருந்து 13.6 லட்சத்துக்கு விழுந்தது. அடுத்த வருடமே பழையபடி ஏறிவிட்டது. பெண் குழந்தை மேல்தான் எல்லாப் பழியும், இது நம் மூல நட்சத்திரக் கதைக்குச் சற்றும் குறைந்ததில்லை, எனக்கு இந்தப் பகுதி எப்போதும் எரிச்சல்தான். டிராகன் விஷயத்தில் தலைகீழ், அந்த வருடத்தில் பிள்ளை பெறப் போட்டி போடுவார்கள். சிங்கப்பூரில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1987-இல் 1.62, டிராகன் வருடமான 1988-இல் 1.96. (மூன்று பெற்றுக்கொள்ளுங்கள் என்ற அரசின் பிரசாரமும் 1987-இல்தான் வந்தது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.) அதன்பின் சராசரி வெகுவாகக் குறைந்துவிட்டது, டிராகன் வருடமான 2012-இல் 1.29 வரைதான் ஏறியது. அடுத்த டிராகன் வருடமான 2024-இல் பிரதமரே எடுத்துச் சொல்லியும் 0.97-ஐத் தாண்டவில்லை, இப்போதைய வாடகைக்கும் டியூஷன் செலவுக்கும் டிராகனே வந்து என்ன செய்யும்.

விலங்கையே கொடுப்பது சந்தேகமில்லாமல் பொருந்துகிற ஒரு இடம் உண்டு, பிறந்த குழந்தைக்கு. குழந்தைக்கு ஒரு மாதம் நிறையும்போது வைக்கும் முழு மாத விருந்தில் அந்த வருடத்து விலங்கைத் தங்கத்தில் பதக்கமாகக் கொடுப்பார்கள். சீனக் கடைகளில் இது பெரும்பாலும் 999 தங்கம், உள்ளே கூடாக இருக்கும், கிராமுக்கு இவ்வளவு என்று இல்லாமல் ஒரு பதக்கத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள். 916-ஐ எடை போட்டு, சேதாரம், கூலி என்று பேரம் பேசி வாங்கிப் பழகிய நமக்குக் கை நடுங்கும். பெரியவர்களுக்கு என்றால் நாணயம், தபால்தலை நல்ல பரிசு. சீனாவின் முதல் ராசித் தபால்தலை 1980-இல் வந்த குரங்கு, ஹுவாங் யோங்யூ வரைந்தது, அச்சடித்த விலை 8 ஃபென் (நூறு ஃபென் ஒரு யுவான்); 80 தலைகள் கொண்ட முழுத் தாள் பின்னாளில் பத்து லட்சம் யுவானைத் தாண்டிப் போயிருக்கிறது. அதே ஓவியர் 98 வயதில் 2023 முயல் வருடத்துக்கு ஒரு நீல முயலை வரைந்தார், சிவந்த கண்ணோடு பேய் மாதிரி இருக்கிறது என்று பாதிப் பேர் திட்டினார்கள், திட்டிக்கொண்டே வாங்கினார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டு மணி கோத்த சிவப்புக் கயிறு, இல்லையென்றால் அந்தச் சிவப்பு சாக்ஸ், கூட இரண்டு மாண்டரின் ஆரஞ்சு, இதுவே போதும். ஆரஞ்சு ஒற்றைப்படையில் வேண்டாம், நாலாகவும் வேண்டாம். குதிரை பொம்மை பதித்த மேசைக் கடிகாரம் ஒன்று இப்போது கடைகளில் அழகாக வைத்திருக்கிறார்கள், அதை வாங்கிவிடாதீர்கள், கடிகாரப் பரிசு அவர்களுக்குச் சாவு ஞாபகம். வெள்ளை, கறுப்புத் தாளில் சுற்றாதீர்கள். இரண்டு கையாலும் கொடுங்கள், உங்கள் எதிரில் பிரித்துப் பார்க்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள், அது அவர்கள் மரியாதை. பிப்ரவரி 17 புத்தாண்டு, பதினைந்தாம் நாளான மார்ச் 3 வரை கொடுக்கலாம். உங்கள் நிறுவனத்தில் பரிசுக்கு ஏதாவது வரம்பு உண்டா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், அரசுத் துறை என்றால் தங்கத்தை மறந்துவிட்டு ஆரஞ்சோடு நிறுத்திக்கொள்ளலாம்.