பிரமயுகம்: பயந்தவர்கள் கேட்டதும் பயப்படாதவர்கள் கேட்டதும்

மம்மூட்டி நடித்த மலையாளக் கறுப்பு வெள்ளைப் பேய்ப் படம் 'பிரமயுகம்' 2024 பிப்ரவரி 15 அன்று வெளியானது. பத்து நாளில் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். 'படம் பார்த்ததிலிருந்து தூக்கம் போச்சு' என்பது ஒரு கட்சி. 'படத்திலேயே தூக்கம் வந்துடுச்சு' என்பது இன்னொன்று. தியேட்டர் புரொஜக்‌ஷன் ரூமிலும் சவுண்ட் வேலையிலும் பல வருடம் கிடந்தவன் நான். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம் என்பதால் மலையாளமும் கைவசம் உண்டு. அதனால் இரண்டு கட்சியும் என்னைக் கேட்கிறது.

பார்க்காதவர்களுக்குக் கதையின் தொடக்கம் மட்டும்: 17-ஆம் நூற்றாண்டு மலபார். உயிர் பிழைக்கக் காட்டுக்குள் ஓடிவரும் பாணர் குலத்துப் பாடகன் தேவன், பாழடைந்த ஒரு மனையில், அதாவது பழைய பெரிய வீட்டில், வந்து சேர்கிறான். அங்கே இருப்பது கொடுமண் போற்றி என்ற கிழவரும் ஒரு சமையல்காரனும்தான். சோறு கிடைக்கிறது, இடம் கிடைக்கிறது, திரும்பிப் போகத்தான் முடியவில்லை. முடிவைக் கேட்டு எழுதியவர்களுக்கு இங்கே பதில் கிடையாது.

கோவையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, பேய்ப் படம்னு நம்பிப் போனேன். ஒரு இடத்துலகூட தூக்கிவாரிப் போடல. இதுக்கு எதுக்கு இவ்வளவு பில்டப்?

தூக்கிவாரிப் போடுவது வேறு, பயம் வேறு தம்பி. சத்தத்தை மெல்லக் குறைத்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும் நிலைக்கு உங்களைக் கொண்டுவந்துவிட்டு, திடீரென்று எட்டு வயலினை ஒன்றாக இழுத்தால் யாருக்கும் உடம்பு துள்ளும். பேயே வேண்டாம், ஒரு பூனை குதித்தால் போதும். மூளை யோசிப்பதற்கு முன்பே கண் மூடித் தோள் தூக்கிவிடும். இரண்டே விநாடியில் அது அடங்கியும் போகும். வீட்டுக்கு வரும்போது கூட வராது.

இயக்குநர் ராகுல் சதாசிவன் அந்த வழியில் போகவில்லை. தாயக்கட்டை ஆடும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தயம் வைக்க தேவனிடம் காலணா கிடையாது. அப்படியானால் உன் காலத்தை வை என்கிறார் போற்றி. அதாவது, அவன் வாழ வேண்டிய மிச்ச நாள்களை. யாரும் கத்தவில்லை, எதுவும் பாயவில்லை. கட்டை உருள்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் எனக்கு முன்வரிசையில் பாப்கார்ன் டப்பாவுக்குள் போன ஒரு கை வெளியே வரவே இல்லை. இரண்டு வகையும் சினிமாதான், உங்களுக்கு முதல் வகை பிடித்தால் அதில் குற்றமில்லை. ஆனால் இந்தப் படம் விற்காத சரக்கை இதனிடம் கேட்டு ஏமாந்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி: எங்களுக்குப் பின்னாடி கல்லூரிப் பசங்க படம் முழுக்கச் சிரிச்சாங்க. போற்றி சிரிச்சா இவங்களும் சிரிக்கிறாங்க. நம்ம ஆளுங்களுக்குப் பேய்ப் படம் பார்க்கத் தெரியலையா?

தெரியாமல் என்னம்மா. பயம் வந்தால் ஆண்பிள்ளைகள் முதலில் செய்யும் வேலையே சிரிப்பதுதான், பக்கத்தில் நண்பன் இருந்தால் கேட்கவே வேண்டாம். அது போக, 2007-ல் 'முனி', 2011-ல் 'காஞ்சனா', அப்புறம் வரிசையாக வந்தவை எல்லாமே பேய் வந்தால் சிரிக்க வேண்டும் என்று பழக்கிவிட்டன. அந்தப் பழக்கத்தோடுதான் பசங்கள் சீட்டில் உட்காருகிறார்கள்.

பயத்தையும் சிரிப்பையும் ஒரே காட்சியில் வைத்தவர்கள் அதற்கும் முன்பே இருக்கிறார்கள். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை', 1964. நாகேஷ் பாலையாவிடம் பேய்க்கதை சொல்கிறாரே, அதில் பேய் எங்கே இருக்கிறது? நாகேஷ் வாயால் போடும் சத்தம்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் பாலையாவின் முகம். அந்த முகம்தான் தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் நாம். அந்தப் படத்தின் கேமராமேன் ஏ. வின்சென்ட், அதே 1964-ல் மலையாளத்தில் முதன்முதலாக ஒரு படம் இயக்கினார். வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய 'பார்கவி நிலையம்'. கறுப்பு வெள்ளைப் பேய்ப் படம், அங்கே இன்றைக்கும் பேசுகிறார்கள். ஒரே ஆள், ஒரே வருடம், ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பேய். பின்வரிசைப் பசங்களை மன்னித்துவிடுங்கள். இடைவேளைக்கு அப்புறமும் அதே அளவுக்குச் சிரித்தார்களா என்று மட்டும் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து: அண்ணே, எதுக்கு கறுப்பு வெள்ளை? எங்க ஊர் தியேட்டர்ல கறுப்பும் இல்ல வெள்ளையும் இல்ல, படம் பூரா சாம்பல் கலர்ல ஓடுச்சு.

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதலாவது சுலபம். மழை, பாசி பிடித்த சுவர், காடு. இதைக் கலரில் எடுத்தால் பச்சைப் பசேலென்று கேரள சுற்றுலா விளம்பரம் மாதிரி ஆகிவிடும், ஓடிப்போய் ரூம் போடத் தோன்றும். பச்சையைப் பிடுங்கிவிட்டால் பாசி அழுக்காகிறது, ரத்தம் வெறும் ஈரமாகிறது, தட்டில் இருப்பது கறியா வேறு ஏதாவதா என்று சந்தேகம் வருகிறது. ஷெஹ்னாத் ஜலாலின் கேமரா அந்தச் சந்தேகத்தை வைத்தே பாதிப் படத்தை ஓட்டுகிறது.

இரண்டாவதுதான் என் வயிற்றெரிச்சல். புரொஜக்டர் பல்பு எரிய எரிய மங்கும். இத்தனை மணி நேரம் ஓடியதும் மாற்ற வேண்டும் என்று கணக்கு உண்டு, ஆனால் பல்பு விலை அதிகம் என்பதால் அது உயிரை விடும் வரை ஓட்டுகிற முதலாளிகள் இருக்கிறார்கள். திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது தரக் கணக்கு. அதில் பாதிகூட இல்லாத திரைகளை நானே அளந்து பார்த்திருக்கிறேன். இதைவிட மோசம், 3டி படத்துக்காக லென்ஸ் முன்னால் வைத்த ஃபில்டரை எடுக்காமலே சாதாரணப் படத்தை ஓட்டுவது. வெளிச்சத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். மசாலாப் படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள், கலர் காப்பாற்றிவிடும். கறுப்பு வெள்ளையில் மறைக்க இடமில்லை. படிக்கட்டு விளக்கு, மூன்று வரிசை முன்னால் ஒருவர் வாட்ஸ்அப் பார்க்கும் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து கறுப்பை வெளுக்க வைத்துவிடும். நீங்கள் பார்த்தது படத்தின் குறை அல்ல அண்ணாச்சி, இடைவேளையில் மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து சொன்னால் சில சமயம் கேட்பார்கள்.

சென்னை, வேளச்சேரி: எனக்கு வசனமே சரியாகக் கேட்கவில்லை. வேறு தியேட்டரில் பார்த்த நண்பன், சவுண்ட் பிரமாதம் என்கிறான். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும். சவுண்ட் மிக்ஸ் செய்யும் ஸ்டுடியோவில் ஃபேடர், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, 7-ல் இருக்கும், தியேட்டரிலும் 7-ல் வைத்தால்தான் அவர்கள் கேட்டதை நாம் கேட்போம். விளம்பரம் அலறுகிறது என்று யாராவது புகார் சொன்னால், ஆபரேட்டர் 5-க்கோ 4-க்கோ இறக்கிவிட்டு அப்படியே மறந்துவிடுவார். சண்டைப் படம் அதைத் தாங்கும். முணுமுணுப்பும் மூச்சும் மர உத்தரம் முனகுவதுமாக இருக்கிற படம் தாங்காது.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். படத்தில் மழை கொட்டுகிறதல்லவா, அது உங்கள் முதுகுக்குப் பின்னாலும் பெய்ததா? திரைப் பக்கம் மட்டும் பெய்தது என்றால் அந்த தியேட்டரில் சுவர் ஸ்பீக்கர்கள் செத்துக் கிடக்கின்றன. மனைக்குள் நீங்கள் மாட்டிக்கொண்ட உணர்வே வராது, வெளியே நின்று எட்டிப் பார்த்த மாதிரிதான் இருக்கும். உங்கள் நண்பன் மழைக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.

சேலம்: சப்டைட்டில் படிக்கறதுலயே பாதிப் பயம் போயிடுது சார்.

உண்மைதான். கண் கீழே போகும் நேரத்தில் மேலே ஒரு நிழல் நகர்ந்திருக்கும். ஆனால் இதில் வசனம் நிதானமாகத்தான் வருகிறது, பழைய நடை மலையாளம் என்பதால் காதை விட்டுவைத்தாலே நமக்குப் பாதி புரிந்துவிடும். புரியாத இடத்துக்கு மட்டும் கீழே பாருங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா: சாத்தான் கதை என்கிறார்கள். 'மை டியர் குட்டிச்சாத்தான்' மாதிரி இருக்குமா? பையனுக்கு ஒன்பது வயது.

வேண்டாம்மா. 1984-ல் வந்த அந்தப் படம், இந்தியாவின் முதல் 3டி படம், கையில் ஐஸ்கிரீம் நீட்டி நம்மையெல்லாம் குழந்தையாக்கியது. அந்தக் குட்டிச்சாத்தான் பிள்ளைகளின் தோழன். இந்தப் படத்தில் வருகிற சாத்தானோடு யாரும் விளையாட முடியாது. படத்துக்குக் கிடைத்தது யு/ஏ சான்றிதழ். படம் வந்த நேரத்தில் அதற்கு, பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர்கள் துணையோடு பார்க்கலாம் என்பதுதான் அர்த்தம். 'பார்க்கலாம்' என்பதை 'கூட்டிப் போங்கள்' என்று படித்துவிடக் கூடாது. ஒன்பது வயதுப் பையனுக்கு முதல் பாதி சலிக்கும், இரண்டாம் பாதி ராத்திரி உங்களைத் தூங்கவிடாது.

கூடவே ஒன்று. குட்டிச்சாத்தானை வெறும் துஷ்ட ஆவி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். திருச்சூர் மாவட்டம் பெரிங்ஙோட்டுகரையில் விஷ்ணுமாயா என்ற பெயரில் கோவிலே இருக்கிறது. கும்பிடுகிற தெய்வம் ஒரு வீட்டில் ஏவலாளாக மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயம், கேரளத்து மந்திரவாதக் கதைகளில் பழையது.

நாகர்கோவிலிலிருந்து நம்ம ஊர்க்காரர்: போற்றி பெயரை மாத்தினதா கேள்விப்பட்டேனே, அது என்ன?

முதலில் வைத்த பெயர் குஞ்சமண் போற்றி. கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த கேரளப் பழங்கதைப் புத்தகமான 'ஐதிஹ்யமாலை'யில் குட்டிச்சாத்தானை வசப்படுத்திய குஞ்சமண் போற்றிகள் பற்றிய கதை உண்டு. அந்தக் குடும்பத்தார் கோட்டயம் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். எங்கள் பெயர் கெடும் என்று கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வெளியீட்டு நேரத்தில் படக்குழு கொடுமண் போற்றி என்று மாற்றிக்கொண்டது. முன்பே வந்த விளம்பரங்களில் பழைய பெயர் கிடக்கிறது, குழப்பம் அதனால்தான்.

பெங்களூரிலிருந்து: நான் மம்மூட்டி ரசிகன். முதல் நாள் முதல் காட்சி போய் விசில் அடிக்க ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. 72 வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை?

அறிமுகக் காட்சியில் அடித்திருப்பீர்களே, பொய் சொல்லாதீர்கள். அடூர் கோபாலகிருஷ்ணன் இயக்கிய 'விதேயன்' படத்தில் பாஸ்கர பட்டேலராக வந்தவர் இவர். அந்தப் பட்டேலருக்குத் துப்பாக்கி இருந்தது, ஆள் இருந்தது. போற்றிக்கு ஒரு நாற்காலியும் ஒரு சிரிப்பும்தான். சாப்பிடும் காட்சியைக் கவனித்தீர்களா? பிராமணன் வீட்டில் இறைச்சியா என்று தேவன் திகைத்து நிற்கிறான், இவரோ கடித்து இழுக்கிறார், கண் மட்டும் தேவனை விட்டு நகரவில்லை. கறியைப் பார்த்துச் சாப்பிடுகிற ஆளைப் பார்த்திருக்கிறோம். எதிரே நிற்பவனைப் பார்த்துச் சாப்பிடுகிறவரிடம் விசில் அடிக்க யாருக்கு வாய் வரும்?

தஞ்சாவூர்: இது பேய்ப் படமே இல்லை, அதிகாரத்தைப் பற்றிய அரசியல் படம் என்று என் பேராசிரியர் சொல்கிறார்.

சரியாகத்தான் சொல்கிறார், 'இல்லை' என்பதை மட்டும் எடுத்துவிடலாம். தாழ்ந்த குலம் என்று ஒதுக்கப்பட்டவனை உள்ளே கூப்பிட்டு, பாடச் சொல்லி, சமமாக உட்காரவைத்து, அப்புறம் அவன் காலத்தையே எழுதி வாங்கிக்கொள்கிறார் ஒருவர். இதில் அரசியல் எங்கே முடிந்து பேய் எங்கே தொடங்குகிறது? எனக்கு ஒரே குறை, கடைசி அரை மணி நேரத்தில் கதையே இதை விளக்கமாகப் பேச ஆரம்பிக்கிறது. அதுவரை நாமாகப் புரிந்துகொண்டதை வசனத்தில் மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. அங்கே எனக்குப் பயம் குறைந்தது.

வேலூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: எனக்கு பி.பி. உண்டு. பேய்ப் படம் பார்த்து ஆளே இறந்துபோனதாகச் செய்தி வந்ததே?

ஐயா, 2016-ல் திருவண்ணாமலையில் ஒரு வெளிநாட்டுப் பேய்ப் படம் பார்த்த பெரியவர் நெஞ்சுவலி வந்து இறந்ததாகச் செய்தி வந்தது. பேய்தான் கொன்றது என்று ஊரே கதை கட்டியது. இதைக் காசாக்கிய ஆள்களும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் காசில் என்ற இயக்குநர் 1958-ல் தன் படத்தைப் பார்த்துப் பயந்து செத்தால் ஆயிரம் டாலர் என்று டிக்கெட்டோடு இன்சூரன்ஸ் கொடுத்தார், கூட்டம் அள்ளியது. 'பிரமயுகம்' திடீர் அதிர்ச்சி குறைந்த படம்தான், ஆனாலும் உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள். இரவுக் காட்சி வேண்டாம், மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேட்னி போங்கள்.

கொழும்பிலிருந்து: இந்த இயக்குநரின் முந்தைய படம் ஏதும் பார்க்கக் கிடைக்குமா?

'பூதகாலம்', 2022-ல் நேராக சோனி லிவ்வில் வந்தது. ரேவதியும் ஷேன் நிகமும் அம்மா, மகன். மாந்திரீகம், மனை எதுவும் கிடையாது, சாதாரண நடுத்தர வீடு. வீட்டில் ஏதோ இருக்கிறதா, அல்லது மகனுக்கு மனநிலை சரியில்லையா என்பதுதான் பிரச்சினை. அவன் சொல்வதை அம்மாவே நம்பாத காட்சிகளில் ரேவதியைப் பாருங்கள். ஹெட்போன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், போன் ஸ்பீக்கரில் பார்த்துவிட்டுப் பயம் வரவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.